ஆகாறும் போகாறும்: நியூசிலாந்து தந்த இரு பொருளியல் பாடங்கள்



பொருளியல் என்றதும் வங்கியும் வரியும் தடித்த நூல்களுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அதன் முதற்பாடம் நம் வீட்டு வேலியோரத்தில் கிடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஆக்லாந்தில் பீஜோவாப் பழம் காய்த்துக் கொட்டுகிறது. அண்டை வீட்டார் பை நிறையக் கொண்டுவந்து தருவர். வாயிற்புறத்துப் பெட்டியில் இட்டு, ‘வேண்டுவோர் எடுத்துக்கொள்க’ என்று எழுதிவைப்போரும் உண்டு. பருவம் கழிந்தபின் அதே பழத்தைக் கடையில் தேடினால் கிடைப்பதரிது. கிடைத்தாலும் விலை மிகுதி. பழத்தின் சுவையில் மாற்றமில்லை. மாறியது அதன் அருமை ஒன்றே.

இந்த அருமையும், அதிலிருந்து பிறக்கும் விலையும், அவ்விலையை அளக்க உதவும் பணமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிய மனிதர் மாதிரிகள் பல செய்து பார்த்துள்ளனர். அவற்றுள் குறிப்பிடத்தக்க இரண்டு நியூசிலாந்தோடு தொடர்புடையவை. ஒன்று, 1949-ஆம் ஆண்டில் நியூசிலாந்தர் ஒருவர் தண்ணீரைக் கொண்டு அமைத்த பொறி. மற்றொன்று, 2013-ஆம் ஆண்டில் ஆக்லாந்திலிருந்து வெளிவந்த ஒரு கணிப்பொறி விளையாட்டினுள் உருவான சந்தை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலை பிறக்கும் இடம்

ஒரு பொருளின் விலையைக் கடைக்காரர் தம் விருப்பப்படி வைக்கிறார் என்றே சிறுவர் பலர் எண்ணுகின்றனர். விலைச்சீட்டை ஒட்டுபவர் அவர்தாம். ஆனால் அதில் எந்த எண்ணை எழுதலாம் என்பதை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை. 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் வடதீவைத் தாக்கியது. இங்கே குமரா என வழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பெரும்பாலும் விளைவது ஆக்லாந்துக்கு வடக்கேயுள்ள டார்கவில் வட்டாரத்தில். அவ்வயல்கள் நீரில் மூழ்கின. அவ்வாண்டு குமராவின் விலை பெரிதும் உயர்ந்தது. விலையை உயர்த்துமாறு எவரும் ஆணையிடவில்லை. கிழங்கு குறைந்தது, வாங்க விரும்பியோர் தொகை குறையவில்லை, விலை தானே ஏறிற்று.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். உமணர் எனப்பட்ட உப்பு வணிகர் வண்டிகளில் உப்பேற்றி ஊரூராகச் சென்று நெல்லுக்கு மாற்றிய செய்தியைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. கடற்கரையில் உப்பு மிகுதி, நெல் அரிது. வயல்நாட்டில் நெல் மிகுதி, உப்பு அரிது. ஓரிடத்து மிகுதியை மற்றோரிடத்து அருமையோடு இணைப்பதே வணிகம். ஆயின் நெல் வைத்திருப்பவருக்கு உப்பு வேண்டாது மீன் வேண்டுமெனில் என் செய்வது? இங்கேதான் பணம் தோன்றுகிறது. எல்லாரும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளை இடையில் வைத்துக்கொண்டால் மாற்று எளிதாகிறது.

நீரால் ஆன நாடு

வில்லியம் பிலிப்சு என்பார் 1914-இல் வடதீவின் டேனவர்க் நகருக்கு அருகில், பால்பண்ணை நடத்திய குடும்பமொன்றில் பிறந்தவர். இளமையில் மின்தொழில் பயின்றார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பல தொழில்கள் செய்து, சீனம், உருசியா வழியாக இங்கிலாந்தை அடைந்தார். இரண்டாம் உலகப் போரில் சாவகத் தீவில் சப்பானியரிடம் சிறைப்பட்டு மூன்றாண்டுகளுக்கு மேல் துன்புற்றார். போர் முடிந்தபின் இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் நாட்டின் வருமானம் ‘ஓடுகிறது’ என்றும், சேமிப்பு ‘தேங்குகிறது’ என்றும் கூறுவதைக் கேட்ட அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ஓடுவதும் தேங்குவதும் நீரின் இயல்பாயிற்றே. அப்படியாயின் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நீரைக் கொண்டே அமைத்துக் காட்டலாமே!

இலண்டனை அடுத்த கிராய்டனில், தாம் குடியிருந்த வீட்டின் வண்டிக் கொட்டகையில் அவர் இப்பொறியை உருவாக்கினார். ஒளி ஊடுருவும் நெகிழித் தொட்டிகளும் குழாய்களும் கொண்ட இப்பொறி ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுடையது. நிறமூட்டிய நீர் மேலிருந்து கீழிறங்கும். அதுவே நாட்டின் வருமானம். வழியில் ஒரு பகுதி வரியாகப் பிரியும். ஒரு பகுதி சேமிப்பாகத் தேங்கும். ஒரு பகுதி பிற நாட்டுப் பொருள் வாங்குவதில் வெளியேறும். பிரிந்த நீர் அரசின் செலவாகவும் முதலீடாகவும் ஏற்றுமதி வருவாயாகவும் மீண்டும் வந்து கலக்கும். அடியில் சேரும் நீரை எக்கி மேலேற்றும். மிதவைகளோடு இணைந்த எழுதுகோல்கள் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாளில் வரைந்து காட்டும். மோனியாக் என்பது அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று.

1949 நவம்பரில் பேராசிரியர்கள் முன்னிலையில் அது இயக்கிக் காட்டப்பெற்றது. இத்தகைய பொறிகள் பன்னிரண்டுக்குக் குறையாமல் செய்யப்பட்டன என்பர். அவற்றுள் ஒன்று பின்னாளில் நியூசிலாந்துக்கு வந்து, வெலிங்டனில் ரிசர்வ் வங்கியின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிலிப்சும் இறுதிக் காலத்தில் தாயகம் திரும்பி, ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1975-இல் இந்நகரிலேயே மறைந்தார்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட் என்னும் பேராசிரியர் இப்பொறியை ஒரு விளையாட்டாகவே கையாண்டார். ஒரு மாணவரை நிதியமைச்சராக்கி வரிக் குழாயை அவரிடம் கொடுப்பார். மற்றொருவரை நடுவண் வங்கியின் தலைவராக்கிக் கடன் குழாயைக் கொடுப்பார். ஒருவர் செய்வதை ஒருவர் அறியாமல் ஆளுக்கொரு பக்கம் திருக, நீர்மட்டம் நிலைகொள்ளாமல் தடுமாறும். பொருளாதாரத்தை விளையாடிக் கற்கும் முறைக்கு இது முன்னோடி எனலாம்.

விளையாட்டுக்குள் நுழைந்த வணிகம்

பிலிப்சின் பொறியில் பணத்தின் ஓட்டம் உண்டு. பேரம் பேசும் மனிதர் இல்லை. அம்மனிதரை உள்ளே கொண்டுவந்தவை, ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் ஒருங்கே கூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டுகள்.

1997-இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் என்னும் விளையாட்டை அமைத்தோர், தம் உலகிலுள்ள மூலப்பொருளின் மொத்த அளவை வரையறுத்து வைக்க முயன்றனர். ஒருவர் பயன்படுத்தி அழித்த பொருள் மீண்டும் நிலத்திற்கே திரும்பிப் பிறர்க்குக் கிடைக்கும் என்பது அவர்தம் திட்டம். ஆனால் மக்கள் பொருளைப் பயன்படுத்தவும் இல்லை, அழிக்கவும் இல்லை, பெட்டியில் பூட்டிவைத்தனர். காடும் சுரங்கமும் வறண்டன. பதுக்கல் என்பது பசியினால் மட்டும் வருவதன்று, மனித இயல்பிலேயே உள்ளது என்பதை அக்கற்பனை உலகம் காட்டிற்று.

2001-இல் எட்வர்டு காஸ்ட்ரனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர், எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டின் கற்பனை நாடான நோரத்தை ஆராய்ந்தார். அதன் நாணயம் வெளியுலகில் உண்மைப் பணத்துக்கு விற்கப்படுவதைக் கொண்டு கணக்கிட்டு, அந்நாட்டின் தலைக்கான உற்பத்தி உருசியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்றார். 2003-இல் ஐசுலாந்திலிருந்து வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டின் நிறுவனம், தன் உலகின் விலைவாசியைக் கண்காணிக்க 2007-இல் பொருளியலறிஞர் ஒருவரையே பணியில் அமர்த்தியது. அவ்விளையாட்டில் கப்பலைக் கட்டுவோரும் விற்போரும் விளையாடுவோரே. போரில் கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். மீண்டும் ஒன்று வாங்கவேண்டும். அதனால் கப்பல் கட்டுவோர்க்கு என்றும் வேலை உண்டு.

ஆக்லாந்தில் பிறந்த சந்தை

2006-இல் ஆக்லாந்தில் தொடங்கப்பெற்ற கிரைண்டிங் கியர் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், 2013 அக்டோபரில் பாத் ஆஃப் எக்ஸைல் என்னும் விளையாட்டை முறையாக வெளியிட்டது. பெயருக்கு ‘நாடு கடத்தப்பட்டோர் செல்லும் வழி’ எனப் பொருள் கொள்ளலாம். அரக்கரையும் விலங்குகளையும் வென்று, அவை விட்டுச்செல்லும் படைக்கலன்களைத் திரட்டுவதே ஆட்டம். நமக்கு வேண்டியது அதன் போர்க்களமன்று, அதன் கடைத்தெரு.

இத்தகைய விளையாட்டுகளில் பொற்காசு குவிவது வழக்கம். கொன்ற விலங்கு ஒவ்வொன்றும் சில காசுகளை உதிர்க்கும். நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் ஆடினால் காசு மலைபோல் பெருகும். வாங்கத்தக்க பொருளோ அவ்வளவு பெருகாது. விளைவு, காசு மதிப்பிழந்து போகும். இவ்விடர்ப்பாட்டை முன்னுணர்ந்த ஆக்லாந்து நிறுவனத்தார் துணிவான ஒரு முடிவு செய்தனர். தம் விளையாட்டில் பொற்காசே இல்லாமல் செய்தனர்.

அதற்கு மாறாகப் பலவகை மந்திர உருண்டைகளை வைத்தனர். ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு பயன் உண்டு. கேயாஸ் ஆர்ப் என்பது ஓர் அரிய படைக்கலனின் பண்புகளைக் கலைத்துப் புதிதாக அமைக்கும். எக்சால்ட்டட் ஆர்ப் என்பது ஒரு பண்பைக் கூடுதலாகச் சேர்க்கும். டிவைன் ஆர்ப் என்பது பண்புகளின் அளவெண்ணை மாற்றும். மிரர் ஆஃப் கலாண்ட்ரா என்னும் கண்ணாடி ஒரு பொருளைப் போலவே மற்றொன்றைப் படைக்கும். அது மிக மிக அரிது. எதைப் பயன்படுத்தினாலும் அது அக்கணமே மறைந்துவிடும்.

இவற்றுள் எது பணம் என்பதை நிறுவனம் அறிவிக்கவில்லை. விளையாடுவோர் தமக்குள் மாற்றிக்கொள்ளத் தொடங்கினர். ஓரளவு அரிதாயும், யாவர்க்கும் பயன்படுவதாயும், எண்ண எளிதாயும் இருந்த கேயாஸ் ஆர்ப் நாளடைவில் சில்லறைக் காசு போலாயிற்று. விலையுயர்ந்த பொருள்களுக்கு எக்சால்ட்டட் ஆர்ப் அளவுகோலாயிற்று. உமணரின் உப்பு உணவாகவும் மாற்றுப்பொருளாகவும் இருந்ததுபோல, இவ்வுருண்டைகளும் கருவியாகவும் பணமாகவும் ஒருங்கே விளங்கின. எந்த அரசும் முத்திரை குத்தாமலே மக்கள் வழக்கத்தினால் பணம் பிறக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காட்டல் அரிது.

2022-இல் நிகழ்ந்த ஒரு மாற்றம் இக்கருத்தை மேலும் விளக்கும். படைக்கலன்களைத் தம் விருப்பப்படி செதுக்கும் சில உயர்நிலை வேலைகளுக்கு எக்சால்ட்டட் ஆர்ப் கட்டணமாக இருந்துவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அக்கட்டணத்தை டிவைன் ஆர்ப் ஆக மாற்றினர். விரைவிலேயே சந்தையில் முன்னதன் மதிப்பு வீழ்ந்தது; பின்னது உயர்ந்து பெரும்பணமாயிற்று. பயன் எங்குச் சென்றதோ, மதிப்பும் அங்கே சென்றது.

ஆகாறும் போகாறும்

வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் பொருள் வரும் வழியை ஆகாறு என்றும், போகும் வழியை போகாறு என்றும் ஆறாகவே கண்டார். வருவாய் சிறிதாயினும், செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது அவர் கருத்து. பிலிப்சு நீரைக் கொண்டு காட்டியதும், ஆக்லாந்து விளையாட்டில் நடந்ததும் இவ்விரு சொற்களுக்குள் அடங்கும்.

நம் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். மழைநீர் வரத்துக்கால் வழியே வருகிறது. மதகு வழியே வயலுக்குச் செல்கிறது. மிகுந்த நீர் கலிங்கு வழியே வழிகிறது. வரத்து நின்றால் ஏரி வறளும். கலிங்கு அடைபட்டால் கரை உடையும். பணமும் இத்தகையதே. விளையாட்டில் விலங்குகள் உதிர்க்கும் உருண்டைகள் ஆகாறு. பயன்படுத்தியதும் அவை மறைவது போகாறு. பணமாகிய பொருளே செலவாகித் தீர்வதால் அது ஓயாது வெளியேறிக்கொண்டிருக்கிறது. பொற்காசு விளையாட்டுகளில் ஆகாறு அகன்றும் போகாறு குறுகியும் இருந்தன. அங்கே விலைகள் கரையுடைத்துப் பாய்ந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் போகாறு அகல்வது கேடு. ஆனால் ஒரு நாடு முழுமைக்கும் பணம் வெளியேறும் வழி அடைபடுவதே கேடு. ஏனெனில் குடும்பம் பணத்தைப் படைப்பதில்லை, ஈட்டுகிறது. விளையாட்டு உலகமோ ஒவ்வொரு நொடியும் பணத்தைப் படைத்துக்கொண்டேயிருக்கிறது. வீட்டுக்குரிய நீதியை நாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

அந்நிறுவனத்தார் மற்றொரு வழியும் கண்டனர். சில மாதங்களுக்கு ஒருமுறை ‘லீக்’ எனப்படும் புதிய ஆட்டப் பருவம் தொடங்கும். அதில் சேர்வோர் அனைவரும் வெறுங்கையோடு தொடங்குவர். பழைய செல்வம் பழைய உலகிலேயே தங்கிவிடும். முதல் நாளில் எளிய வாளும் அரும்பொருள். சில வாரங்களில் அதைச் சீண்டுவாரில்லை. ஒரு பொருளாதாரம் பிறந்து, வளர்ந்து, முதுமையடைவதைச் சில திங்களுக்குள் கண்முன் காணலாம். உண்மை நாடுகளில் இதனைக் காண ஒரு வாழ்நாள் போதாது.

சந்தைக்கும் காவல் வேண்டும்

சந்தையைத் தன் போக்கில் விட்டால் எல்லாம் நேராகும் என்போர் உண்டு. இவ்விளையாட்டின் வரலாறு அதற்கு ஒரு திருத்தம் கூறுகிறது.

தொடக்கத்தில் விற்போர் தம் பொருளையும் விலையையும் எழுதி அறிவிப்பர். வாங்குவோர் செய்தி அனுப்பி நேரில் வந்து மாற்றிக்கொள்வர். சிலர் இதில் சூது கண்டனர். விற்கும் எண்ணமே இல்லாமல் ஒரு பொருளுக்கு மிகக் குறைந்த விலையை எழுதிவைப்பர். விவரமறியாதவர் அதைப் பார்த்துத் தம்மிடமுள்ள அதே பொருளுக்கும் அக்குறைந்த விலையையே இடுவர். சூதர் அதை வாங்கி உண்மை விலைக்கு விற்பர். இங்கே வாளால் எவரும் கொள்ளையிடவில்லை; பொய்யான செய்தியால் கொள்ளையிட்டனர். விலை என்பது ஒரு செய்தி. செய்தி பொய்த்தால் சந்தையும் பொய்க்கும்.

ஆயின் எல்லா வணிகத்தையும் பொத்தான் ஒன்றை அழுத்தும் அளவுக்கு எளிதாக்கிவிடலாமே எனக் கேட்கலாம். டயப்லோ 3 என்னும் அமெரிக்க விளையாட்டு 2012-இல் அதைச் செய்து பார்த்தது. அதில் ஏலக்கூடம் அமைந்தது. உண்மைப் பணத்துக்கும் பொருளை விற்கலாம். மக்கள் விளையாடுவதை விட்டு ஏலக்கூடத்திலேயே பொருள் தேடினர். தானே தேடிக் கண்டெடுக்கும் மகிழ்ச்சி குன்றியது. 2014 மார்ச்சில் அக்கூடத்தை மூடிவிட்டனர். ஆக்லாந்து நிறுவனத்தாரும் இதே அச்சத்தால் வணிகத்தைச் சற்றுக் கடினமாகவே நெடுநாள் வைத்திருந்தனர்.

2024 சூலையில் அவர்கள் நடுவழி ஒன்றைக் கண்டனர். உருண்டைகளை மட்டும் மாற்றிக்கொள்ள ஒரு மாற்றகம் அமைத்தனர். ‘இத்தனை கொடுப்பேன், இத்தனை வேண்டும்’ என்று பதிந்துவிட்டால் போதும். மாற்றகமே இருபுறத்தையும் பொருத்தி முடிக்கும். பொருளை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டியிருப்பதால் பொய்விலை எழுதுவோர்க்கு அங்கே இடமில்லை. அதே வேளையில் பொற்காசும் முதன்முறையாக இவ்விளையாட்டினுள் வந்தது. ஆனால் அக்காசை ஒருவர் மற்றவர்க்கு விற்க இயலாது. மாற்றகக் கட்டணம் முதலியவற்றுக்கே அது செலவாகும். விளையாடி உழைத்தவரே அக்கட்டணத்தைச் செலுத்த இயலும். காசு உள்ளே வருகிறது, கட்டணமாய் வெளியேறுகிறது. கலிங்கைக் கட்டிவிட்டே வரத்துக்காலைத் திறந்தனர் எனலாம்.

சோழர் காலத்துக் கடைத்தெருவிலும் அளவைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. குறைந்த மரக்காலால் அளப்போர் உள்ள ஊரில் நேர்மையான வணிகர் வாழ இயலாது. சந்தையின் உரிமையைக் காப்பது சந்தைக்கு வெளியேயிருந்து வரும் ஒழுங்கே.

மாதிரியும் வாழ்வும்

இனி இக்கட்டுரையின் முதன்மையான கருத்துக்கு வருவோம். இம்மாதிரிகள் உண்மையைப் போன்றவை; உண்மையே ஆகா. எங்கே வேறுபடுகின்றன என்பதை அறியாதவர் அவற்றிலிருந்து தவறான பாடத்தையே கற்பர்.

விளையாட்டில் எவருக்கும் பசியில்லை. வீட்டு வாடகை இல்லை. நோயுற்ற தாயில்லை. விலை ஒவ்வாவிடில் விற்காமல் காத்திருக்கலாம். வாழ்விலோ வாடகை நாள் நெருங்கினால் கிடைத்த கூலிக்கு வேலை செய்தே ஆகவேண்டும். காத்திருக்க வல்லவரும் வல்லாதவரும் செய்யும் பேரம் சமமான பேரமன்று. மேலும், விளையாட்டில் தோற்றவர் அடுத்த பருவத்தில் யாவரோடும் ஒப்ப மீண்டும் தொடங்கலாம். வாழ்வில் அப்படியொரு முதல்நாள் மீண்டும் வருவதில்லை.

இந்நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1984 சூலையில் ஆட்சிக்கு வந்த அரசில் ராஜர் டக்ளஸ் நிதியமைச்சரானார். உழவர்க்கு வழங்கிய மானியங்கள் நீக்கப்பட்டன. 1985 மார்ச்சில் டாலரின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 1986 அக்டோபரில் பொருள் சேவை வரி வந்தது. அரசின் துறைகள் பல வணிக நிறுவனங்களாயின. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, விலைவாசி ஏற்றத்துக்கு முறையான இலக்கு வகுத்து அதை நடுவண் வங்கியிடம் ஒப்படைத்த முதல் நாடு என்னும் பெயரும் நியூசிலாந்துக்கு உரியதாயிற்று. விலைவாசி அடங்கியது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் வேலையின்மை பத்து விழுக்காட்டைத் தாண்டியது. ஆலைகளில் உழைத்த மாவோரி மக்களும் பசிபிக் தீவினரும் மிகுதியாய்ப் பாதிக்கப்பட்டனர். அம்மாற்றங்கள் நன்மையா தீமையா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. எத்தரப்பினரும் மறுக்கவியலாத ஓர் உண்மை உண்டு: அன்று வேலையிழந்த தந்தையர்க்குப் புதிய ஆட்டப் பருவம் ஒன்று தொடங்கவில்லை.

விந்தை யாதெனில், வேலையின்மைக்கும் கூலி உயர்வுக்கும் உள்ள தொடர்பை 1958-இல் வரைபடமாகக் காட்டிப் புகழ்பெற்றவரும் அதே பிலிப்சுதான். நீர்மட்டத்தை நேராக்க முயலும்போது யாரோ ஒருவருடைய வேலை அதனுள் கரைகிறதா என்னும் கேள்வியை அவ்வரைபடம் எழுப்பியது. நீர்ப்பொறியில் பணம் உண்டு, மனிதர் இல்லை. விளையாட்டில் மனிதர் உண்டு, பசி இல்லை. இரண்டையும் கற்றபின், விடுபட்டதை நாமே நிரப்பிக் காணவேண்டும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. விளையாட்டு உலகின் சட்டத்தை அதன் உரிமையாளர் ஒரே இரவில் மாற்றலாம், குடிமக்கள் வாக்களிப்பதில்லை. உண்மை நாட்டில் சட்டத்தை மாற்ற வாக்குரிமை நம் கையில் இருக்கிறது. ஆகவே பொருளியல் அறிவு வணிகர்க்கு மட்டும் உரியதன்று. வாக்காளர் அனைவர்க்கும் உரியது.

வகுப்பில் செய்து பார்க்க

இப்பாடத்தைக் கணிப்பொறி இன்றியும் கற்கலாம். பல்லாங்குழி ஆடிய புளியங்கொட்டைகளும் ஐந்து லட்டுகளும் போதும்.

முதற்சுற்று: பத்து மாணவர்க்குத் தலைக்குப் பத்துக் கொட்டை கொடுக்க. ஐந்து லட்டுகளையும் ஒவ்வொன்றாக ஏலம் விடுக. விலைகளைக் கரும்பலகையில் எழுதுக.

இரண்டாம் சுற்று: கொட்டைகளைத் திரும்பப் பெற்று, தலைக்கு இருபது கொடுக்க. மீண்டும் ஐந்து லட்டுகளையே ஏலம் விடுக. விலை பெரும்பாலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொட்டை இரட்டிப்பானதால் ஒருவர்க்கேனும் லட்டு கூடுதலாகக் கிடைத்ததா எனக் கேட்க.

மூன்றாம் சுற்று: மீண்டும் தலைக்கு இருபது கொடுக்க. ஆனால் ஏலத்தில் கலந்துகொள்ளப் பத்துக் கொட்டை நுழைவுக் கட்டணமாகப் பெற்றுக்கொள்க. விலை முதற்சுற்றின் அளவுக்கு இறங்குவதைக் காணலாம். இதுவே போகாறு.

நான்காம் சுற்று: தலைக்குப் பத்துக் கொட்டையே கொடுத்து, இரண்டு லட்டுகளை மட்டும் ஏலம் விடுக. பணம் பெருகாமலே, பொருள் குறைந்ததாலும் விலை ஏறுவதைக் காணலாம். புயலுக்குப் பின் குமரா விலை ஏறியது இவ்வாறே.

ஏலம் முடிந்தபின் லட்டுகளை எல்லாரும் பகிர்ந்துண்க. சந்தை கற்பிக்காத பாடம் அது, தமிழ்ப்பள்ளி கற்பிக்கலாம்.

முடிவுரை

பெற்றோர்க்கு ஒரு சொல். மேற்கூறிய ஆக்லாந்து விளையாட்டு வன்முறைக் காட்சிகள் மிகுந்தது, சிறுவர்க்கு உரியதன்று. அதை ஆடுமாறு இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. அதை விலையின்றி ஆடலாம். ஆயினும் அலங்காரங்களும் பெட்டக வசதிகளும் உண்மைப் பணத்துக்கு விற்கப்படுகின்றன. இத்தகைய விற்பனை பல விளையாட்டுகளில் உண்டு. ஆதலின் பிள்ளைகள் எதை ஆடுகின்றனர் என்பதை அறிந்திருத்தல் நம் கடமை. ஆனால் ‘நேரத்தை வீணாக்காதே’ என்று கடிந்துவிட்டு நகர்வதைவிட, அருகில் அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்பது மிகுந்த பயன் தரும். இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? இதன் விதியை வகுப்பவர் யார்?

இவ்வினாக்களுக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை வீட்டுக்கடன் வாங்கும்போதும் வங்கி வட்டியை உயர்த்தும்போதும் திகைத்து நிற்காது. விரைவில் செல்வம் தருவதாகக் கூறும் விளம்பரத்தைக் கண்டால், அதன் ஆகாறு யாதெனக் கேட்கும். தேர்தலில் ஒரு கட்சி வாக்குறுதி தரும்போது, அதன் போகாறு யாதெனவும் கேட்கும். அதுவே கல்வியின் பயன்.

பயிற்சி வினாக்கள்

1. பீஜோவாப் பழத்தின் விலை பருவத்துக்குப் பருவம் மாறுவது ஏன்?
2. பிலிப்சின் பொறியில் சேமிப்பு, வரி, இறக்குமதி ஆகியன எவ்வாறு காட்டப்பட்டன?
3. அரசின் முத்திரை இல்லாமலே ஒரு பொருள் பணமாவது எங்ஙனம்? உமணரின் உப்பையும் விளையாட்டு உருண்டையையும் ஒப்பிட்டு விளக்குக.
4. பொய்யான விலை எழுதுவது ஏன் களவாகும்?
5. விளையாட்டுச் சந்தையில் இல்லாது உண்மைச் சந்தையில் உள்ளவை மூன்றினைக் கூறுக. உம் தாத்தா பாட்டியிடம் அவர்கள் ஊர்ச் சந்தையைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.